அரக்குப் புடவைக்கு வெளிச்சம்

அரக்கு என்றால் அரக்குதான். அதில் வாதத்துக்கு இடமே கிடையாது. சிவப்பு என்று மற்றவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவதில் அரக்கு, மிளகாய்ப்பழம், மாதுளை, குங்குமம், செங்கல், தக்காளி என்று எனக்கு அத்தனை வகையும் தெரியும். அதைப் பிரித்துச் சொல்ல எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் புடவை விற்றவன். இன்றைக்குத் திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில், சொந்தக் கட்டிடம். கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. என்னை யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானேதான் ஏறினேன்.

அப்படிப்பட்டவன் கடையில் வாங்கிய புடவையை, முகம் தெரியாத ஒருத்தி, எந்த ஊர்க்காரியோ, "இது படத்தில் இருந்த கலர் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினால் எனக்கு எப்படி இருக்கும்? அதுவும் ஒருத்தி இல்லை. வாரம் தவறாமல் பொட்டலம் பொட்டலமாகத் திரும்பி வந்தது. கூரியர்க்காரன் படியேறும் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்செரிச்சல் எடுக்கும்.

இது என் மருமகள் ஆரம்பித்த வியாபாரம். என் மகன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். மருமகள் பி.காம். படித்தவள். வண்ணார்பேட்டைப் பக்கம் ஏ.சி. போட்ட பெரிய ஜவுளிக்கடைகள் வந்தபிறகு எங்கள் சந்துக்குள் ஆள் வரத்து குறைந்துவிட்டது. ஒருநாள் அவள் வந்து, "மாமா, ஆளு நம்மகிட்ட வரலைன்னா நாம ஆளுகிட்டப் போவோம். போன்ல படம் எடுத்துப் போட்டு விப்போம்" என்றாள்.

"இதையேதான் நான் சைக்கிள்ல செஞ்சேன்" என்றேன். மாடியில் சரக்கு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தேன்.

அந்த அறையும் பச்சைதான். என் வீட்டில் எல்லாச் சுவரும் கிளிப்பச்சை. நான் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்த கடையின் சுவர் அந்த நிறத்தில் இருந்தது. அங்கே உட்கார்ந்தபிறகுதான் எனக்கு ஏற்றம். சொந்தக் கட்டிடம் கட்டியபோது பெயிண்டரிடம் வேறு எந்தக் கலரையும் நான் காட்டச் சொல்லவே இல்லை. என் மனைவிக்கு அது ஆகாது. ஆகாவிட்டால் போகிறது.

ஒரு ஆன்லைன் கம்பெனியில் மருமகள் கணக்குத் தொடங்கினாள். படம் எடுத்துப் போட்டால் அவர்கள் உலகத்துக்கே காட்டுவார்கள், விற்றால் அவர்களே வந்து எடுத்துப் போவார்கள், பிடிக்காவிட்டால் அவர்களே திருப்பிக் கொண்டுவந்து போடுவார்கள். முதல் இரண்டும் நல்ல ஏற்பாடு. மூன்றாவதை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் கிடைத்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் புடவை எடுக்க வருகிறவள் கடைக்குள் எரிகிற விளக்கை நம்பவே மாட்டாள். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வருவாள். வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பார்ப்பாள். கூட வந்தவளின் தோளிலும் போட்டுப் பார்ப்பாள். தெருவில் போகிறவளைக்கூட நிறுத்தி, "யக்கா, இது என்ன கலருன்னு சொல்லுங்க" என்று கேட்பாள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை. சில கடைக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நானே எழுந்து, "வாசல்ல கொண்டு போயி பாருங்க தாயி" என்பேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்த புடவை அப்புறம் வீட்டிலிருந்து திரும்பி வராது. அதுதான் என் தொழில்.

போனில் வாங்குகிறவளுக்கு வாசல் ஏது? அவள் பார்ப்பது நாங்கள் அனுப்பும் படத்தைத்தான். அந்தப் படம் பொய் சொல்லியது. அரக்குப் புடவை படத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. ரோஸ் வெங்காயச் சருகு மாதிரி வந்தது. சந்தன நிறம் பிஸ்தாவாக வந்தது. பிஸ்தா என்று ஆசைப்பட்டு வாங்கினவள் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே சந்தனம். அவள் திட்டுவாளா, மாட்டாளா?

எனக்கோ ஒன்றும் புரியவில்லை. அதே அறையில், அதே புடவையைக் கையில் வைத்துப் பார்த்தால் என் கண்ணுக்கு அரக்கு அரக்காகத்தான் தெரிந்தது. போனில்தான் காப்பிக்கொட்டை.

"உன் போனுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சு" என்றேன் மருமகளிடம்.

"போன் புதுசு மாமா. வெளிச்சம்தான் சரியில்ல" என்றாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். அந்தக் கம்பெனி செய்தி அனுப்பியிருந்தது. எங்கள் சரக்கு படத்துக்கு மாறாக இருப்பதாகப் புகார் வருகிறதாம். மாதக் கடைசிக்குள் இது குறையாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்களாம்.

மூடுவானாம்! என் கடையை மூட இவன் யார்? பூட்டும் சாவியும் என் இடுப்பில் இருக்கிறது.

"யாரு அனுப்பினது? அவன் பேரு என்ன?"

"பேரெல்லாம் கிடையாது மாமா. கம்பெனி."

"கம்பெனிக்கு வாயி இருக்கும்லா? போனைப் போடு."

போட்டாள். ஒரு பெண்பிள்ளைக் குரல் தமிழுக்கு ஒரு எண்ணை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். வேறொன்றை அமுக்கச் சொன்னது. அதையும் அமுக்கினேன். அப்புறம் பாட்டுப் போட்டார்கள். பாட்டுக் கேட்கவா நான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன்? நான் கத்தினேன். அந்தக் குரல் கொஞ்சமும் கோபப்படாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. என் வாழ்நாளில் வாடிக்கையாளரோடும் மொத்த வியாபாரியோடும் முனிசிபாலிட்டிக்காரனோடும் சண்டை போட்டிருக்கிறேன். முகம் இல்லாத ஒன்றோடு சண்டை போட எனக்குத் தெரியவில்லை.

மருமகள் போனை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். பிறகு பைய சொன்னாள்: "மாமா, கோவப்படாதிய. இந்தக் கணக்கை மூடிட்டாவன்னா நான் வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். வண்ணார்பேட்டையில அந்தப் பெரிய கடையில கேஷ் கவுண்டருக்கு ஆளு கேட்டாவ. மாசம் பொறந்ததும் வாரேன்னு சொல்லியிருக்கேன்."

எந்தப் பெரிய கடை? என் வாடிக்கையாளர்களை எல்லாம் நகரும் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டு போன அதே கடை. என் வீட்டு மருமகள், அவன் கொடுக்கும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு அங்கே பில் போட்டுக் கொடுப்பாளாம்.

"ஏன், இங்க சோத்துக்கு இல்லாமப் போச்சா?"

"சும்மா உக்காந்து சாப்பிட எனக்கு ஆகாது மாமா" என்றாள். எனக்கும் அது ஆகாதுதான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். வெளிச்சம்தானே இல்லை? வெளிச்சத்தை நான் கொண்டுவருகிறேன்.

முதலில் வளையம் மாதிரி ஒரு விளக்கு வாங்கினாள் மருமகள். நடுவில் போனை மாட்டி எடுக்க வேண்டும். மூஞ்சியைப் படம் எடுக்க அது சரி. புடவையில் சரிகை இருக்கிற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்தது. முந்தானை முழுக்க அப்பளம் காயப் போட்ட மாதிரி இருந்தது. அதைத் தூக்கி மூலையில் போட்டேன்.

அடுத்து நானே பாளையங்கோட்டைக்குப் போனேன். ஸ்டுடியோ சாமான் விற்கிற ஒரு கடை. கடைக்காரன் சின்ன வயசு. பேச்சு மட்டும் பெரிசு. குடை மாதிரி விரிகிற இரண்டு விளக்கு, இரண்டு ஸ்டாண்டு, ஒரு பை. "அண்ணாச்சி, இதைப் போட்டா உங்க புடவை தங்கமா ஜொலிக்கும்" என்றான்.

"எனக்குத் தங்கமா வேண்டாம். அரக்கு அரக்காத் தெரியணும்" என்றேன்.

"அதுக்கு நான் பொறுப்பு அண்ணாச்சி."

வீட்டில் கொண்டுவந்து மாட்டினால் ஒரு குடையில் எரிவது நீலம் பாய்ந்த வெள்ளை, இன்னொன்றில் மஞ்சள். ஒரே புடவை இடது பக்கம் ஒரு கலர், வலது பக்கம் இன்னொரு கலர். போதாததற்கு ஒரு ஸ்டாண்டுக்குக் கால் நிற்கவில்லை. படம் எடுக்கும்போது குடை கவிழ்ந்து என் முதுகில் விழுந்தது. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரன் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒருதடவை மாட்டிட்டா நாங்க திருப்பி எடுக்கதில்ல அண்ணாச்சி" என்றான்.

"இதுல கலர் சரியில்லடே!"

"கலர் சரியில்ல கலர் சரியில்லன்னு ஆளாளுக்குத் திருப்பிக் கொண்டாந்தா மனுஷன் எப்படி யாவாரம் பண்ண? நீங்களும் கடை வச்சிருக்கவிய, உங்களுக்குத் தெரியாததா?"

அவன் சொன்னது அப்படியே என் வாயில் இருந்து வரவேண்டிய வார்த்தை. என் வார்த்தையை எடுத்து என் மேலேயே எறிகிறான். பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவனைத் திட்டினேன். திட்டி முடித்து, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குடைக்கம்பி இடித்ததென்று ஒரு அம்மா என்னைத் திட்டினாள்.

இந்த விளக்கெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய புடவைக்கு இத்தனூண்டு வெளிச்சம் எப்படிக் காணும்? வெளிச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவில் போடுகிறார்களே, அதுதான் வெளிச்சம். சுடலைமாடன் கோயில் கொடை அன்றைக்குப் பொட்டலில் கீழே கிடக்கிற குண்டூசியைப் பொறுக்கலாம். எனக்குப் பழக்கமான மைக்செட்காரர் ஒருத்தர் உண்டு. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் ஜவுளி என் கடையில்தான். கொடைக்குப் போடும் பெரிய போகஸ் லைட் இரண்டைக் கேட்டு அவரிடம் போனேன்.

"எதுக்கு அண்ணாச்சி? வீட்டுல விசேஷமா?"

"புடவையைப் படம் எடுக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது பொட்டலுக்கு உள்ள லைட்டு அண்ணாச்சி. ரூமுக்குள்ள போட்டா ஆளு அவிஞ்சி போவாவ."

"அவிஞ்சா நான் அவியுதேன். நீரு கொண்டாந்து போடும்."

கொண்டுவந்து போட்டார். சுவிட்சைத் தட்டியதும் அறையே தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கண் கூசிற்று. கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மைக்செட்காரர், "நான் கீழ இருக்கேன் அண்ணாச்சி, எதுவும்னா கூப்பிடுங்க" என்று நழுவிவிட்டார். புடவையின் ஒரு முனையை மருமகள் கம்பியில் மாட்டினாள். முந்தானைப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலியஸ்டர் புடவை ஒன்றிலிருந்து லேசாகக் கருகுகிற வாடை வர ஆரம்பித்தது. அதை எடுத்து அப்பால் போட்டுவிட்டு, அரக்குப் பட்டுப்புடவையை மாட்டி எடுத்தோம்.

மருமகள் போனைப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். முன்னைவிடக் கேவலம். அரக்கு, சுட்ட செங்கல்லில் பாசி பிடித்த மாதிரி வந்திருந்தது. கொடை வெளிச்சத்திலும் இப்படியா? கொண்டுவந்த வெளிச்சமெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது?

அந்தச் சமயத்தில் என் மனைவி மோர் கொண்டுவந்தாள். எனக்கு மோரைக் கொடுத்துவிட்டுப் போனை எட்டிப் பார்த்தாள். புடவையைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், அதைப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன பச்சை வேட்டி கட்டியிருக்கிய? எந்தக் கட்சியில சேந்திய?"

பச்சை வேட்டியா? எனக்கா? திருநெல்வேலி டவுணில் என் வேட்டியைவிட வெள்ளையான வேட்டியைக் காட்டுங்கள் பார்க்கலாம். சொட்டு நீலம் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் நான் அந்த வேட்டியை உடுத்த மாட்டேன். சைக்கிளில் மூட்டை கட்டிப்போன காலத்திலேயே வேட்டியில் புழுதி படாமல் மிதித்தவன். குனிந்து பார்த்தேன். இடுப்பில் இருப்பது வெள்ளை. போனில் பார்த்தேன். வாழைக்குருத்து மாதிரிப் பச்சை.

"போன்தான் கெட்டுப் போச்சு" என்றேன். ஆனால் சொல்லும்போதே மருமகளைக் கவனித்துவிட்டேன். அவள் போனையும் பார்க்கவில்லை, வேட்டியையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"சொல்லு."

"செவரு மாமா." தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வெளிச்சம் செவத்துல பட்டுத் திரும்பிப் புடவையில வந்து விழுது. செவரு பச்சையா இருந்தா வந்து விழுத வெளிச்சமும் பச்சை. லைட்டைக் கூட்டக் கூட்டப் பச்சையும் கூடத்தான் செய்யும். அதுக்குள்ளயே இருக்கதால நம்ம கண்ணு பழகிப் போகுது. போனுக்குப் பழக்கம் கிடையாது."

நான் உடுத்தாத புது வேட்டி ஒன்றை எடுத்து அந்தச் சுவருக்கு முன்னால் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னேன். அதே வேட்டியைக் கீழே கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாசலில் வெள்ளை, அறையில் பச்சை. மைக்செட்காரரும் வந்து எட்டிப் பார்த்து, "அட, ஆமா அண்ணாச்சி" என்றார். அவரை யார் கேட்டது?

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"ஆரம்பத்துலயே மாமா. ஒரு வீடியோவுல சொன்னாவ. படம் எடுக்க ரூமுக்கு வெள்ளைதான் அடிக்கணும்னு."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா கேப்பியளா? சாமி ரூமுக்கு மட்டும் மஞ்சள் அடிக்கலாம்னு அத்தை கேட்டதுக்கே வீட்டுல சாப்பிடாம ஓட்டல்ல போயி சாப்பிட்டிய."

அந்தக் கோபத்தை நான் என்னவென்று எழுத? வந்த கோபத்துக்குப் போக வழியில்லை. கம்பெனியைத் திட்ட முடியாது, பாளையங்கோட்டைக்காரனைத் திட்ட முடியாது, போனைத் திட்ட முடியாது. ஒரு படித்த பெண், என் வீட்டில் சாப்பிட்டு என் வீட்டில் தூங்குகிறவள், சுவர் பச்சையாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட, போய் ஊரான் கடையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். வேலைக்குப் போவது அவ்வளவு லேசு, என்னிடம் சொல்வது இவ்வளவு கஷ்டம்! வளைய விளக்கும் குடை விளக்கும் நான் வாங்க வாங்க, இது எதற்கும் உதவாது என்று தெரிந்தே பக்கத்தில் நின்று மாட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"நான் என்ன புலியா?" என்று கத்தினேன்.

"புலின்னா கூட்டுல போட்டு அடைச்சிரலாம்" என்றாள் என் மனைவி, மோர் டம்ளரை எடுத்துக்கொண்டே.

சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் கூப்பிடட்டுமா என்று யாரோ கேட்டார்கள். மருமகள் கேட்கவில்லை. மனைவிதான் கேட்டிருப்பாள். "என் உசுரு இருக்குத வரைக்கும் இந்தச் செவத்துல வேற கலரு ஏறாது" என்றேன். சொன்னது சொன்னதுதான். இன்று வரைக்கும் ஏறவில்லை. சுவர் என் சுவர். எனக்கு ஏற்றம் கொடுத்த பச்சை. ஆனால் அதன் முன்னால் நான் எதைத் தொங்கவிடுகிறேன் என்பதும் என் இஷ்டம்தானே?

கீழே போய், சரக்கு வைக்கும் கிட்டங்கியில் கிடந்த வெள்ளை லாங்கிளாத் துணிச்சுருள் ஒன்றை அப்படியே தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். உத்தரத்துக்குக் கீழே நாலு பக்கமும் கயிறு கட்டினேன். துணியைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு ஊக்குக் குத்தினேன். தரையில் வெள்ளைப் போர்வை விரித்தேன். பச்சை ஒரு விரற்கடை தெரியாமல் மூடினேன். ஜன்னலையும் மூடச் சொன்னேன். வெளியே இருந்து வருகிற வெளிச்சம் ஒரு நேரம் ஒரு மாதிரி இருக்கும். விளக்கு வெளிச்சத்தோடு அது கலந்தால் மறுபடி இரண்டு கலர் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குடை விளக்கில் பட்டது போதாதா?

என் மனைவி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "யாத்தே! யாரு போயிட்டாவ இந்த வீட்டுல? இழவு வீடு மாதிரில்லா இருக்கு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"பச்சைக்கு இது எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டு, கழன்று கிடந்த ஒரு ஊக்கை அவளே குத்திவிட்டுப் போனாள்.

விளக்குக்குப் பாளையங்கோட்டைக்கெல்லாம் போகவில்லை. எங்கள் சந்து முனையில் உள்ள எலெக்ட்ரிக் கடையில், வீட்டில் எல்லாரும் மாட்டுகிற சாதாரண எல்.இ.டி. பட்டை விளக்கு நாலு வாங்கினேன். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே வெள்ளை. அதில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று கட்டி, நேராகப் புடவையில் அடிக்காதபடி மெல்லிய மல் வேட்டியை அவற்றின் முன்னால் தொங்கவிட்டேன். வேட்டி வழியாக வடிந்து வந்தபோது வெளிச்சம் ஆறிய பால் மாதிரி இருந்தது. சரிகையில் வட்டம் இல்லை, மடிப்பில் கறுப்பு இல்லை. மொத்தச் செலவும் அந்தக் குடை விளக்கில் கால்வாசிகூட ஆகவில்லை. படம் எடுக்க ஆயிரம் சாமான் வேண்டும் என்று எவனாவது சொன்னால், என் வீட்டு மாடிக்கு ஏறி வந்து பார்க்கட்டும்.

அதே அரக்குப் பட்டுப்புடவையை மாட்டினோம். மருமகள் எடுத்தாள். போனை என்னிடம் நீட்டினாள்.

அரக்கு.

எனக்குச் சந்தோஷம் வந்தது என்று நினைப்பீர்கள். வரவில்லை. கோபம்தான் மறுபடியும் வந்தது. என் கிட்டங்கியில் கேட்பாரற்றுக் கிடந்த துணியால் தீரவேண்டிய காரியத்துக்கு எத்தனை பொட்டலம் திரும்பி வந்தது, எத்தனை பேர் என் கடையைப் பொய்க்கடை என்று எழுதினார்கள்! "இருக்க புடவை எல்லாத்தையும் மறுபடி எடு. ஒண்ணு விடாத" என்றேன். எடுத்தோம். பழைய படங்களை எல்லாம் தூக்கிவிட்டு அவள் புதுப்படங்களைப் போட்டாள். இதில் ஒரு கொடுமையும் நடந்தது. பிஸ்தா என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த சந்தனப் புடவை, சந்தனமாகத் தெரிந்ததும் ஓட்டம் நின்றுவிட்டது. நின்றால் நிற்கட்டும். பொய்க்கலரில் விற்று எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

கூரியர்க்காரன் எடுத்துப் போக மட்டுமே வர ஆரம்பித்தான். கொண்டுவந்து போடுவது நின்றது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகள் தினமும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழைய புகார்களே அவர்கள் கணக்கில் விளிம்பு வரைக்கும் நிற்கின்றன, இன்னும் ஒன்று வந்தாலும் மூடிவிடுவார்கள் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஒன்று வந்தது. அரக்குப் பட்டு. காரணம்: "படத்தில் இருந்த கலர் இல்லை."

பிரித்தேன். பிரிக்கும்போதே மல்லிகைப்பூ வாடை. என் மடிப்பு வேறு, இந்த மடிப்பு வேறு. விரித்தால், கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் அடித்திருக்கிறது. உள்ளே சேர்ந்திருந்த ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்திருக்கிறது. தோள்பட்டை வரும் இடத்தில் சந்தனக் கறை. யாரோ ஒருத்தி யார் கல்யாணத்துக்கோ கட்டிக்கொண்டு போய், ஜம்மென்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஊர் வந்ததும் கலர் சரியில்லை என்று கட்டி அனுப்பியிருக்கிறாள்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சி ஓடி வந்துவிட்டார். "என்னவே, என்ன ஆச்சு?"

"கல்யாணத்துக்குக் கட்டிக் கழிச்ச புடவைய எனக்கு அனுப்பியிருக்காவே!"

"சாப்பாட்டுல மிச்சம் ஏதும் கூட வச்சி அனுப்பலையா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றத்தான் வந்தார்.

மருமகள் மட்டும் பதறவில்லை. புடவையை மாடிக்குக் கொண்டுபோனாள். வெள்ளைத் துணிக்கு முன்னால் மாட்டி, நாலு விளக்கையும் போட்டாள். முன்பு எடுத்த படத்தை இன்னொரு போனில் திறந்து புடவைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தாள். படத்தில் அரக்கு, பக்கத்தில் அதே அரக்கு. ஒரு இழை வித்தியாசம் இல்லை. அப்புறம் ஃபால்ஸ், வெட்டின இடம், சந்தனக் கறை என்று கிட்டப் போய்ப் போய் எடுத்தாள்.

"மாமா, முந்தி வந்ததுக்கெல்லாம் நம்மால ஒண்ணும் பேச முடியல. தப்பு நம்ம படத்துல இருந்துச்சு. இதுக்கு நாம சண்டை போடலாம்" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

"எழுது" என்றேன். "கட்டி அவுத்த புடவையத் திருப்பி அனுப்புதியே, உனக்கு வெக்கமா இல்லையா?"

அவள் தட்டிவிட்டுப் படித்துக் காட்டினாள்: "புடவை பயன்படுத்தப்பட்டுள்ளது."

"உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? அரக்கைப் பாத்தா உனக்கு என்னவாத் தெரியுது?"

"படத்திற்கும் பொருளுக்கும் நிற வேறுபாடு இல்லை. வீடியோ இணைக்கப்பட்டுள்ளது."

"இதுல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல!"

"இப்படித்தான் எழுதணும் மாமா. உறைப்பா எழுதுனா தள்ளிருவாவ."

உறைப்பில்லாமல் எழுதியும் தள்ளிவிட்டார்கள். பரிசீலித்தோம், வருந்துகிறோம் என்று ஒரு பதில். வீடியோவை எவனும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று மருமகள் சொன்னாள். எனக்கு அந்தப் போனைத் தாமிரபரணியில் கொண்டுபோய் வீச வேண்டும் போல இருந்தது. அவள் மறுபடியும் அனுப்பினாள். அதையும் தள்ளினார்கள். மறுபடியும் அனுப்பினாள். முகத்தில் கோபமே இல்லை. ஆனால் விடவும் இல்லை. நான் எவ்வளவு சத்தம் போட்டாலும் நகராதது, இவள் சத்தமே இல்லாமல் தட்டத் தட்ட நகரும் போல இருந்தது.

மாதம் முடிய இருந்த சமயம். நான் கடையில் ஒரு பாவாடைத் துணியை அளந்துகொண்டிருந்தேன். மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எங்கள் பக்கம் நியாயம் என்று ஒப்புக்கொண்டார்களாம். அந்தப் புகாரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம். எங்கள் கணக்கு மூடப்படாதாம்.

"கறைக்கு என்ன சொன்னான்? மன்னிப்புக் கேட்டானா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாவ மாமா."

"கேக்கச் சொல்லி எழுது."

அவள் போனில் வேறு ஒரு எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். வண்ணார்பேட்டைக் கடை மேனேஜர். நான் கேட்க வேண்டும் என்றே என் முன்னால் நின்று பேசினாள் என்று நினைக்கிறேன்.

"சார், நான் ஒண்ணாம் தேதி வரலை சார்... இல்ல சார், சம்பளத்துக்காக இல்ல... வீட்டுல வேலை கெடக்கு."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே போட்டேன். "என்னது வீட்டு வேலையா? கம்பெனிக்காரனையே மல்லுக்கட்டி ஜெயிச்சிருக்கே. என்ன வேலைன்னு ஒழுங்காச் சொல்லு!"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். துணி எடுக்க வந்திருந்த அம்மாளும் பார்த்தாள். பிறகு மருமகள் கையை எடுத்தாள்.

"யாவாரம் கெடக்கு சார்" என்றாள்.